நம்பிக்கை இருந்தும் மனம் ஏன் அடங்கவில்லை? சைவ சித்தாந்தம் சொல்லும் பதில்

கேள்வி: தினமும் கோயிலுக்குப் போகிறேன், பதிகம் படிக்கிறேன், சிவனை முழுசாக நம்புகிறேன். ஆனாலும் மனசு அமைதியாக இல்லை. நம்பிக்கை இருந்தால் நிம்மதி தானாக வரும் என்கிறார்களே, எனக்கு ஏன் வரவில்லை? இந்தப் பிறவிக்கு என்னதான் பொருள்? சைவ சித்தாந்தம் இதற்குத் தெளிவாக ஏதாவது சொல்கிறதா?

பதில்:

சொல்கிறது, மிகத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் கணக்கை அது அப்படியே ஏற்காது. நம்பிக்கையைப் போட்டால் நிம்மதி வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். சித்தாந்தம் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கிறது: தவிக்கிற உயிர் எப்படிப்பட்டது, அதைப் பிடித்திருப்பது எது? 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் அருளிய, இந்த நெறியின் அடிப்படை நூலான சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம், 40 அடி. அதில் முதல் ஆறு சூத்திரங்கள் பொருள்கள் உண்டு என்பதையும் அவற்றின் இலக்கணத்தையும் நிறுவுகின்றன. அடுத்த மூன்று சாதனம், அதாவது அடையும் வழி. கடைசி மூன்று பயன். நாம் பெரும்பாலும் நேரே பயனுக்குத் தாவிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிடித்திருக்கும் கட்டு) மூன்றும் என்றும் உள்ளவை. இறைவனுக்கு எப்படித் தொடக்கம் இல்லையோ அப்படியே உயிருக்கும் இல்லை, அதைப் பற்றியிருக்கும் ஆணவ மலம் என்ற அழுக்குக்கும் இல்லை. உயிரை யாரும் படைக்கவில்லை. ஆகவே 'என்னை ஏன் இப்படிப் படைத்தான்' என்ற கேள்விக்கே சித்தாந்தத்தில் இடமில்லை. ஆணவத்தில் அறிவு மறைந்து கிடந்த உயிருக்கு, உலகத்துக்கு மூலப்பொருளான மாயையிலிருந்து உடம்பும் கருவிகளும் உலகமும் நுகர்பொருள்களும் இறைவன் ஆக்கித் தருகிறான். தனு, கரணம், புவனம், போகம் என்று இந்த நான்கையும் சொல்வார்கள். உடம்பு கிடைத்த பிறகுதான் உயிருக்குக் கொஞ்சமாவது அறிவு விளங்குகிறது. பிறவியின் பொருள் இதுதான்: மலம் பக்குவப்பட்டுக் கழல்வதற்குக் கொடுக்கப்பட்ட வாய்ப்பு. மாயையும் ஒரு கட்டுதான், ஆனால் உதவி செய்கிற கட்டு. அதனால் சைவம் உலகத்தைப் பொய்த்தோற்றம் என்று தள்ளுவதில்லை.

ஆணவத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பேச்சு வழக்கில் நாம் சொல்லும் திமிர் அதன் ஒரு சிறு கிளை மட்டுமே. சித்தாந்த ஆசிரியர்களில் ஒருவரான உமாபதி சிவம் தம் திருவருட்பயன் நூலில் ஒரு குறளில் இதை இருட்டோடு ஒப்பிடுகிறார். இருட்டு பொருள்களை மறைக்கும், ஆனால் 'இங்கே இருட்டு இருக்கிறது' என்பதையாவது காட்டிக்கொடுக்கும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. 'எனக்கு அகங்காரமெல்லாம் கிடையாது' என்று ஒருவர் மனமாரச் சொல்ல முடிவது அதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது தெரியவில்லை.

இப்போது உங்கள் வாக்கியத்தையே எடுத்துப் பாருங்கள். 'நான் கும்பிடுகிறேன், நான் நம்புகிறேன், எனக்கு வரவில்லை.' வழிபாட்டையும் 'நான்' தான் செய்கிறது, பலனையும் 'எனக்கு' என்று அதுவே எண்ணிப் பார்க்கிறது. இதை உங்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. மலம் அப்படித்தான் வேலை செய்யும், எல்லாரிடமும். வழிபாடு கூடக் கூட எதிர்பார்ப்பும் கூடி, நடக்காதபோது ஏமாற்றமும் பெருகுவது இதனால்தான்.

அப்படியானால் கேட்பதே தப்பா என்றால், தப்பில்லை. சூலை நோய் குடலைப் பிடுங்க, திருவதிகையில் அப்பர் பாடிய முதல் பதிகம் முழுக்க முறையீடுதான். 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்று தொடங்குகிறார். ஆனால் அதே பாட்டில் 'இரவும் பகலும் பிரியாது வணங்குவன் எப்பொழுதும்' என்றும் சொல்கிறார். வலியை நீக்கு என்கிறார், ஆனால் வணங்குவதை வலி நீங்குவதோடு முடிச்சுப் போடவில்லை. உங்கள் வேண்டுதலில் இந்த முடிச்சு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடனுக்கு ஒரு பதிகம், கல்யாணத்துக்கு ஒரு பதிகம் என்று ஓதுவதிலும் குற்றமில்லை, பல பதிகங்களின் கடைசிப் பாட்டே ஓதுவதால் வரும் பயனைச் சொல்கிறது. 48 நாள் ஆனதும் பலன் வரவில்லை என்று ஏட்டை மூடி வைப்பதுதான் முடிச்சு.

அடுத்து கன்மம், அதாவது வினை. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். அதை நுகரும்போது புதிதாக ஏறுவது ஆகாமியம். நடைமுறைக்கு முக்கியமானது மூன்றாவது. வந்த துன்பம் அனுபவித்தால் தீரும். ஆனால் அனுபவிக்கும்போது 'அவன்தான் எனக்கு இப்படிச் செய்தான்', 'நான் கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்தேன்' என்று விருப்பும் வெறுப்புமாகக் கொதிக்கிறோமே, அங்கே புது வினை ஏறுகிறது. நாம் வேலை செய்ய வேண்டிய இடம் அந்தச் சின்ன இடைவெளிதான். சஞ்சிதத்தை நம்மால் தொட முடியாது, அது குரு தரும் தீக்கையால் (சீடராக ஏற்று மந்திரம் தரும் சடங்கு) அழியும் என்பது கோட்பாடு.

வினைக் கொள்கையை இரண்டு விதமாகக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று, 'எல்லாம் விதி' என்று கையைக் கட்டிக்கொள்வது. வந்தது பிராரத்தமாக இருக்கலாம், அதற்கு நாம் என்ன செய்கிறோம் என்பது இன்னும் எழுதப்படாத கணக்கு. மற்றது இதைவிட மோசம்: பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் 'உன் வினை' என்பது. வினைக் கொள்கை தன்னைப் பார்த்துக்கொள்ளத் தரப்பட்டது. பிறர் துன்பத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அதைப் பயன்படுத்தினால் சொல்பவருக்குத்தான் ஆகாமியம் ஏறும்.

நீங்கள் தேடும் அமைதிக்கு மிக அருகில் வருகிற சொல் இருவினையொப்பு. நல்லதும் கெட்டதும் ஒன்றுதான் என்று இதற்குப் பொருள் பண்ணுகிறவர்கள் உண்டு. அப்படி எடுத்தால் ஒழுக்கமே போய்விடும். புண்ணியமும் பாவமும் தராசில் சமமாக நிற்பதும் இல்லை. நல்வினையின் பயனாக வரும் இன்பம், தீவினையின் பயனாக வரும் துன்பம் இரண்டின் மேலும் மனம் ஒரே விதமாக ஒட்டாமல் நிற்பதுதான் இருவினையொப்பு. பாராட்டு வந்தால் துள்ளுவதும் வசவு வந்தால் சுருங்குவதும் ஒருங்கே குறைகிறதா என்பது அதற்கு அடையாளம். வசவைத் தாங்கப் பழகிவிட்டுப் பாராட்டுக்கு ஏங்கிக்கொண்டிருந்தால் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. துன்பத்தில் மட்டும் சமநிலை தேடுகிறோம், இன்பத்தில் அதைத் தேடுவதே இல்லை. மனம் அடங்காததற்கு இது பெரிய காரணம். இந்த ஒப்பு வருவதும், மலம் பக்குவப்படுவதும், அருள் பதிவதும் ஒன்றோடொன்று சேர்ந்து நடக்கும். பின்னிரண்டுக்கும் பெயர் மலபரிபாகம், சத்திநிபாதம். அருள் பதிவதில் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்கு படி உண்டு. பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டுப் பார்த்து அவசரப்படுவதில் பயனில்லை.

இன்னொரு எச்சரிக்கை. எல்லா அமைதியும் அமைதி அல்ல. உயிர் நிற்கும் நிலைகளைச் சித்தாந்தம் கேவலம் (அறிவு மூடிய நிலை), சகலம் (உடம்போடு உலகில் இருக்கும் நிலை), சுத்தம் (மலம் நீங்கிய நிலை) என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் எந்தக் கவலையும் இல்லை, ஆனால் அறிவும் இல்லை. அது கேவலத்தின் சாயல், அங்கே ஆணவம் முழுசாக மூடியிருக்கிறது. எழுந்ததும் கவலை விட்ட இடத்திலிருந்தே தொடரும். கண்ணை மூடி ஒன்றும் நினைக்காமல் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பதை முத்தி என்று நினைத்தால் அதே தவறுதான். முத்தியில் உயிர் கல்லைப்போல் கிடக்கும் என்ற பாடாணவாதத்தை உமாபதி சிவம் 1313இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் மறுக்கிறார். சைவம் சொல்லும் அமைதியில் அறிவு விளங்கி நிற்கும், அன்பு பெருகும், இன்பம் இருக்கும். யாரைக் கண்டாலும் எரிச்சல் வருகிறது, தனியாக விட்டால் மட்டும் நிம்மதி என்ற நிலை அதுவல்ல.

சரி, என்ன செய்வது? சரியை (உடலால் செய்யும் தொண்டு), கிரியை (பூசை), யோகம், ஞானம் என்பது வரிசை. இல்லறத்தில் இருந்து வேலைக்குப் போகிற ஒருவர் சரியையைச் செம்மையாகப் பிடித்தாலே போதும். அதை ஆரம்பப் பாடம் என்று இளக்காரமாக நினைக்கக் கூடாது, அப்பரையே சரியைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது மரபு.

காலையில் நீராடியதும் திருநீறு. கிழக்கு அல்லது வடக்குப் பார்த்து, முகத்தைச் சற்று நிமிர்த்தி, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றாலும் எடுத்து, கீழே சிந்தாமல் அணிய வேண்டும். நடந்துகொண்டோ படுத்துக்கொண்டோ பூசுவதில்லை. நெற்றியில் அரிப்பு வந்தால் பொடியை மாற்றுங்கள். கடைப் பொட்டலங்களில் சுண்ணாம்புப் பொடியும் வாசனையும் கலந்தவை உண்டு. பளீர் வெள்ளையாகக் கனத்து இருந்தால் சந்தேகப்படலாம். பசுஞ்சாணத்தைச் சுட்டு எடுத்த நீறு இலேசாக, சற்றே சாம்பல் சாயலோடு, விரலில் மெத்தென்று இருக்கும்.

பிறகு ஐந்தெழுத்து. சிவாயநம என்ற அமைப்பில் சி சிவன், வ அருள், ய உயிர், ந மறைப்பாற்றல், ம மலம். எழுத்து நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். நடுவில் உயிர். அதன் ஒரு பக்கம் சிவமும் அருளும், மறுபக்கம் மறைப்பும் மலமும். உயிர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதுதான் கேள்வி, ஓதும்போது நினைக்க வேண்டியதும் இதுதான். தீக்கை பெறாதவர்கள் நமசிவாய என்றே ஓதி வரலாம். வாய்விட்டு ஓதுவது, உதடு மட்டும் அசைய ஓதுவது, மனத்துள் ஓதுவது என்று மூன்று முறை உண்டு. மனத்துள் ஓதுவதே உயர்ந்தது என்று கேள்விப்பட்டு எல்லாரும் நேரே அதில் இறங்குகிறார்கள். 10 எண்ணுவதற்குள் மனம் ஆபீசுக்குப் போய்விடுகிறது. அப்படிப் போனால் வெட்கப்படாமல் வாய்விட்டு ஓதுவதற்கு இறங்கி வாருங்கள், காதில் விழும் ஒலி மனத்தை இழுத்துப் பிடிக்கும். 108 போதும். 'இன்றைக்கு 1008 முடித்தேன்' என்ற கணக்கில் உயிர் ந, ம பக்கம் திரும்பிவிடும்.

ஓதுவதற்குப் பஞ்சபுராணம் நல்ல அளவு. 'திருச்சிற்றம்பலம்' சொல்லித் தொடங்கி, தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு, முடிவிலும் 'திருச்சிற்றம்பலம்'. கோயில்களில் ஓதுவார்கள் செய்வது இதைத்தான். நிறுத்தி ஓதினாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும். வேகமாக நாலு பதிகம் உருட்டுவதைவிட இது நல்லது.

உங்கள் கேள்விக்கு நேரடி மருந்து என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், பணியைச் சொல்வேன். நோய் தீர வேண்டிப் பாடிய அதே அப்பர்தான் கடம்பூர்க் கரக்கோயிலில் 'தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே' என்று பாடினார். தாங்குவது அவன் கவலை. பணி செய்வது மட்டும் என் பொறுப்பு. மெய்கண்டாரின் பத்தாம் சூத்திரமும் இதையே சொல்கிறது: 'ஏகனாகி இறைபணி நிற்க', மல மாயையோடு வல்வினையும் இல்லாமல் போகும். நான் செய்கிறேன் என்ற முனைப்பு விட்டு, அவன் செய்விக்கிறான் என்று அதில் அடங்கி நிற்பது. இதை நினைத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது, கையால் செய்துதான் கற்க முடியும்.

கோயிலில் புல் செதுக்கித் துப்புரவு செய்யும் உழவாரப் பணிக்குப் போவதென்றால் கோயில் அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். மழை பெய்து ஓரிரு நாள் கழித்துப் போனால் மண் இளகியிருக்கும், பிரகாரத்துப் புல் வேரோடு வரும். காய்ந்த மண்ணில் பிடுங்கினால் தலை மட்டும் அறுந்து பத்து நாளில் மறுபடி தழைக்கும். மதிற்சுவர் இடுக்கில் பறவை எச்சத்தால் முளைத்த ஆல், அரசக் கன்றுகளைச் சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். மேலே வெட்டி விட்டால் வேர் பருத்துக்கொண்டே போகும். விரல் தடிமனுக்கு மேல் போன வேரை இழுத்துப் பிடுங்காதீர்கள், கல்லும் சேர்ந்து நகரும். அதை ஸ்தபதியிடம் சொல்லுங்கள். விமானத்தின் மேல் ஏறவே கூடாது, மிதித்தால் சுதைச் சிற்பங்கள் உதிரும். கல்வெட்டு இருக்கும் சுவரில் கம்பித் தூரிகையும் அமிலமும் மணல் வீச்சும் ஆகாது, எழுத்து தேய்ந்துவிடும். வெறும் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். விளக்கு மாடத்து எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீயக்காய்த் தூள்.

கூட்டமாகச் செய்யும் பணியில் ஒரு கேடு நுழையும். குழுவுக்குப் பெயர், பெயருக்குப் பலகை, பலகைக்கு முன்னால் படம், பிறகு பக்கத்து ஊர்க் குழுவோடு போட்டி. இறைபணி 'எங்கள் பணி' ஆனதும் அது வினையாகத் திரும்பிவிடுகிறது. இதற்கு ஒரு வழி, யாரும் கேட்டு வாங்காத வேலையை எடுத்துக்கொள்வது. கருவறைக்கு வெளியே கோமுகி வழியாக அபிடேக நீர் வந்து விழும் தொட்டியைப் பாருங்கள். பாலும் தயிரும் புளித்து, வில்வமும் பூவும் அழுகி, வடிகால் அடைத்து, கொசு மொய்க்கும். அர்ச்சகரின் ஒப்புதலோடு அந்த அடைப்பை எடுத்து, வாளி வாளியாக நீர் ஊற்றிக் கழுவி விடுங்கள். மாதம் இரண்டு முறை போதும். ஒரு நாள் நீங்கள் செய்த வேலைக்கு வேறு ஒருவருக்குப் பாராட்டு போகும். அப்போது உள்ளே என்ன எழுகிறது என்று பாருங்கள். தன்னைக் காட்டாத ஆணவம் ஒரு கணம் அகப்படும் இடம் அது.

பன்னிரண்டாம் சூத்திரம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். முத்திநிலை எய்திய பிறகும் மலவாசனை தாக்காமல் இருக்க, அன்பரோடு சேர்ந்திருந்து, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே தொழ வேண்டும் என்கிறது. உச்சியில் நிற்பவருக்கே கூட்டும் கோயிலும் தேவை என்றால் நமக்கு எவ்வளவு தேவை! உயிர் எதைச் சார்ந்ததோ அதன் வண்ணமாகும். வீட்டில் தனியாகப் பத்து வருடம் படித்தும் மனம் வறண்டிருப்பவர்கள், வாரம் ஒருநாள் திருமுறை ஓதும் கூட்டத்தில் உட்கார்ந்தால் வேறுபாடு தெரியும். திருவாவடுதுறை ஆதீனம் ஊர்தோறும் சித்தாந்தப் பயிற்சி மையங்கள் நடத்துகிறது. முறையான தீக்கைக்கும் ஆதீனங்களைத்தான் அணுக வேண்டும். சமயம், விசேடம், நிருவாணம் என்று அது படிப்படியாக வரும், முதல் தீக்கையோடு நித்திய நியமங்களும் சேர்ந்து வரும், தவறாமல் செய்ய முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். தூக்கமில்லாமலும் சாப்பாடு இறங்காமலும் வாரக்கணக்கில் போகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். மருந்து சாப்பிடுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. உடம்பும் மனமும் மாயையால் ஆன கருவிகள், கருவி பழுதானால் சரி பார்க்க வேண்டியதுதான்.

படிக்க விரும்பினால் சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய விரிவுரையான மாபாடியத்தில் தொடங்காதீர்கள், அளவையும் தருக்கமும் பழகாமல் அதில் நுழைந்தால் முதல் சூத்திரத்திலேயே களைத்துவிடுவீர்கள். மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் முதலில். மாணவர் கேட்க, குரு விடை சொல்லும் அமைப்பு, எளிய வெண்பாக்கள். அடுத்து திருவருட்பயன், பத்து அதிகாரம், 100 குறள், நாளுக்கு ஒன்று வீதம் எடுத்தால் மூன்று மாதம் சொச்சம். மூன்றாவது அதிகாரமான இருள்மல நிலையையும் ஒன்பதாவதான ஐந்தெழுத்தருள் நிலையையும் இருமுறை படியுங்கள், உங்கள் கேள்வி நேரே அந்த இரண்டிலும்தான் இருக்கிறது. அதன் பிறகு சிவப்பிரகாசம், சிவஞான சித்தியாரின் சுபக்கப் பகுதி. சிவஞானபோதத்தை அதன் சுருக்க உரையான சிற்றுரையோடு கடைசியில் எடுத்தால் 40 அடியும் புரியும்.